பையில் ஒரு போன் கூடுதல்

இராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில் ஆட்டோ அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தோளில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய பாய். பெனின் நிமிர்ந்து பார்த்தான். மலை அவன் நினைத்ததைவிடக் கிட்டத்தில் நின்றது. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோர ஊரில் பிறந்தவன் அவன். எதிரே எதுவும் இல்லாமல் பார்த்தே பழகிய கண். மலையைப் பார்த்ததும் யாரோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அவன் காவல் வேலைக்குச் சேர வந்த தென்னந்தோப்புக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. உருண்டைப் பாறைகளும் மணலும்தான் அகலமாகக் கிடந்தன. நடுவில் கணுக்கால்கூட நனையாத அளவுக்குத் தண்ணீர்.

"இதுவா ஆறு?" என்றான்.

அவனைக் கூட்டிப்போக வந்திருந்த மேஸ்திரி மலைச்சாமி சிரித்தார். "இப்பம் இப்படித்தான் கெடக்கும். மலையில பெஞ்சா வேற மாதிரி. நம்ம தலைக்கு மேல வெயில் அடிச்சிட்டே இருக்கும், தண்ணி வந்து நிக்கும். ஒனக்கென்ன, கடக்கரைக்காரன். நீஞ்சிருவ."

பெனின் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். நீச்சல் அவனுக்குத் தெரியும். அவன் அப்பா இருதயத்துக்கும் நன்றாகவே தெரியும். புயல் வருகிறது, யாரும் கடலுக்குப் போகாதீர்கள் என்று செய்தி வந்த அன்று, "போன தடவையும் இப்படித்தான் சொன்னான், ஒரு காத்தும் வரல" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். வள்ளத்தின் பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும்தான். வேலைக்குக் கிளம்புகிற அன்று பெனின் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். போனில் எச்சரிக்கை வந்தால் யோசிக்கவே கூடாது. அது என்ன சொல்கிறதோ அதை அப்படியே செய்ய வேண்டும். எலினா மகன் தலையில் கைவைத்து, "சரிலே ராசா, மேரி மாதா மேல ஆணையா" என்றாள். அந்தச் சத்தியம் இருந்ததால்தான் அவனால் பஸ் ஏற முடிந்தது.

அக்கரையில் ஏறியதும் ஒரு பெரிய மருதமரம். அதன் தாழ்ந்த கிளையில் மஞ்சப்பை ஒன்று கட்டித் தொங்கியது.

"ஒன் போனை இதுல போடு," என்றார் மலைச்சாமி. "தோப்புக்குள்ள டவர் கிடையாது. இந்த மரத்தடியில மட்டும்தான் எடுக்கும். எல்லார் போனும் இங்கனதான் தொங்கும். மணி அடிச்சா யாராவது ஓடி வந்து எடுப்போம்."

பெனின் பைக்குள் கையைவிட்டான். வரிசையாகச் சூடான போன்கள். வெயிலில் காய்ந்த பைக்குள் வேறெப்படி இருக்கும்? ஆனால் அடியில் ஒன்று மட்டும் சில்லென்று விரலில் பட்டது. ஈரமாக, மீன் தொட்டிக்குள் கையைவிட்ட மாதிரி.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

தோப்பு வீடு ஓடு வேய்ந்த ஒற்றை அறை. உள்ளே நாள்பட்ட தேங்காய் மட்டை வாடை. ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கியது. யாருடையது என்று கேட்டதற்கு மலைச்சாமி வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

"முந்தி காவலுக்கு இருந்த சுயம்புலிங்கம் சட்ட. எடுத்து அங்கிட்டுப் போடு."

சாயங்காலம் வேலை முடிந்ததும் தோப்பில் வேலை பார்க்கிற பெண்கள் மரத்தடிக்கு வந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள். பெனின் தன்னுடையதைக் கடைசியாக எடுத்தான். எல்லோரும் ஆற்றைக் கடந்து போன பிறகும் மஞ்சப்பை கிளையில் கனமாகத் தொங்கியது. உள்ளே ஏதோ இருக்கிறாற்போல அடி இழுத்துப் பிடித்திருந்தது. காற்றில் ஆடவில்லை.

விரித்துப் பார்த்தான். காலி.

இந்தப் பெண்கள் புதுசாக வந்தவனை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

*

சுயம்புலிங்கம் கதையை அவனுக்குச் சொன்னவள் மாரிக்கனி. தேங்காய் பொறுக்கிக் குவிக்கிற பெண்களில் அவள் வாய்தான் பெரிது. கூமாப்பட்டியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். புருசன் இல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பொன்மணி என்ற ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் பொன்மணி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரோட்டுக் கரையில் வந்து நிற்பாள். தாயும் மகளும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

"போன வருசம் ஐப்பசியில," என்றாள் மாரிக்கனி, மட்டையைத் தூக்கி எறிந்துகொண்டே. "பகல்தான். நல்ல வெயிலு. நானும் வெங்கடேஸ்வரியும் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிட்டோம். தோப்புல சுயம்புலிங்கண்ணனும் இன்னும் ரெண்டு பொம்பளையளும் இருந்தாக. மலையில மழை, ஆத்தைக் கடக்காதீக, மேட்டுல ஏறிக்கோங்கன்னு எல்லா போனுக்கும் அலர்ட் வந்திருக்கு. என் போனுக்கும்தான் வந்துச்சு, சடங்கு வீட்டுல வச்சே பாத்தேன். அம்புட்டு தெளிவா வந்தும், அவிய மூணு பேரும் நேரா ஆத்துக்குள்ள எறங்கியிருக்காக."

"ஏன்?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? படிக்கத் தெரியாத கழுதைகன்னு ஊரே பேசிச்சு. சுயம்புலிங்கண்ணன் பேப்பர் படிக்கிற ஆளுலே. அவரு போய் அப்படி எறங்குவாரா?"

பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். பயந்தால் அது வெளியே வந்துவிடும். "மூணு பேரு ஒடம்பும் கெடச்சுது தம்பி. அவரு போன் மட்டும் கெடக்கல. தேவுடா, அதப் பத்தி இப்பம் எதுக்கு?"

ஒருநாள் மத்தியானம் மரத்தடியில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறின. சங்கு மாதிரி நீண்ட ஒரே ஊளை. கிளையில் பை துடித்தது. பெனின் கையில் இருந்ததைக் கீழே போட்டான். அவன் ஓடுவதற்குள் மாரிக்கனி போய் கைக்கு அகப்பட்ட ஒரு போனை எடுத்துப் படித்து, தோப்பே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சோதனையாம்! ஒண்ணும் செய்ய வேண்டாமாம்! போய் வேலையப் பாருங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். பெனினுக்கு மனசு ஆறவில்லை. "எல்லாரும் அவங்கவங்க போனைப் பாக்க மாட்டீங்களாக்கா?"

"எல்லாத்துக்கும் ஒரே சேதிதானே வருது. ஆளுக்கொரு தடவ படிக்கணுமா? இங்கன எப்பவும் இப்படித்தான். கிட்ட இருக்கிற ஆளு ஒண்ண எடுத்துப் படிச்சு சத்தம் குடுத்துரும்."

"கடக்கரைக்காரன் மூஞ்சியப் பாரு," என்று மலைச்சாமி நக்கலடித்தார். "மணிச் சத்தத்துக்கே இப்படி வெளுத்துட்டான்."

மாரிக்கனி போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். "யாரு போனுட்டி இது, நச நசன்னு ஈரமா இருக்கு? தண்ணிக்குள்ள போட்டு எடுத்தீகளா?"

யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரு நொடி பெனின் பக்கம் வந்துவிட்டுப் போனது. புதுசாக வந்தவன் அவன்தானே.

*

அன்றைக்கும் வெயில்தான். தோப்புக்குள் ஒரு இலை அசையவில்லை. மலை உச்சியில் மட்டும் கருப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. தேங்காய் வெட்டுகிறவர்கள் காலையிலேயே வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெனின், மலைச்சாமி, மாரிக்கனி, வெங்கடேஸ்வரி, இவர்கள்தான் மிச்சம்.

பறவைச் சத்தம் நின்றிருந்ததைப் பெனின் பிறகுதான் நினைத்துப் பார்த்தான்.

சங்கு ஊதியது.

மாரிக்கனிதான் மரத்துக்குக் கிட்ட இருந்தாள். கையைவிட்டு ஒன்றை எடுத்தாள். படித்தாள். அவள் முகம் இறுகியது.

"மலையில பெருமழையாம்! தோப்புல இருக்கவங்க எல்லாம் உடனே ஆத்தைக் கடந்து கரைக்கு வரணுமாம்! இன்னும் நேரம் இருக்காம்! ஏட்டி வெங்கடேசு, போட்டத போட்டபடி போட்டுட்டு வா!"

வெங்கடேஸ்வரி கூடையைக் கீழே வீசினாள். மலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். எல்லோரும் கரையை நோக்கி ஓடினார்கள். பெனினும் ஓடினான். எச்சரிக்கை வந்தால் யோசிக்கக் கூடாது. அது சொன்னபடி செய்ய வேண்டும். அப்பா செய்யாததைத் தான் செய்ய வேண்டும்.

மரத்தைத் தாண்டும்போது போனை எடுத்துக்கொள்ளத்தான் நின்றான். வேறு எதற்கும் இல்லை. போன் இல்லாவிட்டால் அம்மாவுக்கு எப்படிப் பேசுவது?

பைக்குள் இருந்து தன்னுடையதை எடுத்தான். அது இன்னும் அலறிக்கொண்டிருந்தது. திரையில் பேரிடர் மேலாண்மை என்று போட்டு, மாவட்டத்தின் பெயர் போட்டு, அதற்குக் கீழே எழுத்துகள். மலைப்பகுதியில் மிகக் கனமழை. ஆறு, ஓடை அருகே இருப்போர் உடனே மேடான இடத்துக்குச் செல்லவும். எக்காரணம் கொண்டும் ஆற்றைக் கடக்க வேண்டாம்.

கடக்க வேண்டாம்.

"நில்லுங்க!" அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "அண்ணாச்சி! அக்கா! எறங்காதீங்க! கடக்கக் கூடாதுன்னு போட்டுருக்கு!"

மணலில் கால் வைத்திருந்த மலைச்சாமி திரும்பினார். "அவ ஒண்ணு சொல்லுதா, நீ ஒண்ணு சொல்லுத. என்னலே வெளாட்டா இருக்கா?"

"ஒங்க போனை எடுத்துப் பாருங்க அண்ணாச்சி."

மலைச்சாமி கரையேறி வந்து தன் போனை எடுத்தார். வெங்கடேஸ்வரி தன்னுடையதை எடுத்தாள். இரண்டு பேரும் உதடு அசையப் படித்தார்கள். இரண்டிலும் பெனின் சொன்னதுதான் இருந்தது.

"அப்பம் இதுல மட்டும் ஏன்..." மாரிக்கனி கையில் இருந்ததைக் காட்டினாள்.

"அக்கா, அது ஒங்க போனா?"

"ஒன்னுதுன்னுல்லா நெனச்சேன்."

பைக்குள் இன்னும் ஒரு போன் அலறிக்கொண்டிருந்தது. பெனின் அதை வெளியே எடுத்தான். பின்பக்கம் பொன்மணியின் பள்ளிக்கூடப் படம் ஒட்டிய போன். மாரிக்கனியுடையது.

நாலு பேர். நாலு போன்.

அவள் கையில் இருந்தது ஐந்தாவது.

மாரிக்கனியின் விரல் இடுக்குகளில் இருந்து தண்ணீர் வடிந்து முழங்கை வழியாகச் சொட்டியது. கண்ணாடி முழுக்கக் கீறல். கீறலுக்குள் மணல். பிளந்து போகாமல் இருக்கச் சுற்றியிருந்த சிவப்பு ரப்பர் பேண்டைப் பார்த்ததும் வெங்கடேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுயம்புலிங்கண்ணன் போனு."

"ஏலே," மலைச்சாமி பெனினின் சட்டையைப் பிடித்தார். "தோப்பு வீட்டுல கெடந்தத எடுத்து நீதானே உள்ள போட்ட? வந்ததுல இருந்து பாக்கேன், ஒன் முழியே சரியில்ல. செத்தவன் சாமானை வச்சு பொம்பளையள பயமுறுத்துதியா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி."

"பொறவு யாரு? இருக்கது நாலு பேரு."

மாரிக்கனி கையில் அது மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை சத்தம் இல்லை. எழுத்து மட்டும் மாறியது. அரசாங்கம் எழுதுகிற மாதிரி எழுத்து இல்லை, யாரோ பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

மாரிக்கனி, பொன்மணி கரையில நிக்கா.

நாலு பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பினார்கள்.

அக்கரையில், தினமும் நிற்கிற அதே இடத்தில், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இரட்டைச் சடை. தோளில் பை. வெயில் கண்ணைக் கூசியதில் முகம் தெரியவில்லை.

"ஏட்டி பொன்மணி! ஓடிப் போட்டி! தண்ணி வருது, மேல ஏறு!"

அந்தப் பெண் நகரவில்லை. கையை மட்டும் தூக்கி, வா என்று அழைத்தாள்.

மாரிக்கனி ஓட எடுத்த எடுப்பில் பெனின் அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்தான். அவள் அவனைக் கடித்தாள், பிறாண்டினாள். "விடுலே, விடு நாயே, எம் புள்ள அங்க நிக்கா!"

மலைச்சாமி ஆற்றைப் பார்த்தார். அதே கணுக்கால் தண்ணீர். அதே வெயில். அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்தார். அவரும் பிள்ளை பெற்றவர்தான்.

"ஏத்தா, நீ நில்லு. நான் போயி அவளைக் கூட்டிட்டு ரோட்டுக்கு ஏறிருதேன். காஞ்சுதான் கெடக்கு, ஒரு நிமிசம்."

"அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க. போன் போட்டுக் கேட்டுருவோம்."

"நீ போடு. நான் போயிட்டே இருக்கேன்."

அவர் இறங்கிவிட்டார். பெனின் ஒரு கையால் மாரிக்கனியைப் பிடித்தபடியே அவள் போனில் பொன்மணி பெயரைத் தேடி அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டான். மணி போனது. அக்கரையில் நின்ற பெண் பையைத் திறக்கவில்லை. காதில் எதையும் வைக்கவில்லை. இரண்டு கையும் தொங்கியபடி நின்றாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது.

"யம்மா?"

பின்னால் பிள்ளைகள் கூச்சல். பஸ் ஹாரன்.

"யம்மா, கேக்குதா? போட்டிக்குன்னு பள்ளிக்கூடத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிட்டு வந்துட்டாங்க. நாங்க கபடியில செயிச்சுட்டோம். இப்பந்தான் பஸ் ஏறுதோம். இங்க நல்ல மழ. நீ எனக்குக் காத்துக்கெடக்காம வீட்டுக்குப் போயிரு."

மாரிக்கனி திமிறுவதை நிறுத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஒரு வாடை வந்தது. அழுகிய இலையும் சேறும், குளிர்ந்த பாறையும் கலந்த மலையின் வாடை. வெயிலுக்கு நடுவே அது குப்பென்று முகத்தில் அடித்தது.

பிறகு சத்தம். தண்ணீர்ச் சத்தம் இல்லை. பாறைகள் ஒன்றோடொன்று உருண்டு இடிக்கிற சத்தம்.

"அண்ணாச்சி!" பெனின் கத்தினான். "அது பொன்மணி இல்ல! திரும்பி வந்துருங்க!"

மலைச்சாமி நட்டாற்றில் நின்று திரும்பிப் பார்த்தார். என்ன சொல்கிறாய் என்று கையை விரித்தார்.

அது திருப்பத்தைத் தாண்டி வந்தது. பழுப்பாக, ஒரு ஆள் உயரத்துக்கு, முன்னால் மரங்களை உருட்டிக்கொண்டு.

அவர் நின்ற இடத்தில் ஆறு இருந்தது. அவர் இல்லை.

மூன்று பேரும் மருதமரத்தை விட்டு மேட்டுப் பாறைக்கு ஏறினார்கள். ஏறி நின்று திரும்பிப் பார்த்த வெங்கடேஸ்வரி திடீரென்று கூவினாள். "அதோ! அண்ணன் தப்பிச்சுட்டாரு! அக்கரையில நிக்காரு பாரு!"

நின்றார். மலைச்சாமிதான். மடித்துக் கட்டிய வேட்டியும் அரைக்கைச் சட்டையும். பள்ளிக்கூடப் பெண் இப்போது அங்கே இல்லை. அவருக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். வெள்ளம் கரையைத் தின்றுகொண்டு அவர்கள் காலடியில் பாய்ந்தது. நாலு பேரும் நகரவில்லை.

மலைச்சாமியின் சட்டை நனையவே இல்லை.

அவர் கையைத் தூக்கி, வாங்க என்று அழைத்தார்.

மாரிக்கனி அப்போதுதான் தன் கையில் அந்த ஈரப் போனை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். வீறிட்டபடி அதை வெள்ளத்துக்குள் வீசினாள். அது விழுந்த இடத்தைத் தண்ணீர் ஒரு சுழி சுழித்துக்கொண்டு போனது. அக்கரையில் யாரும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி மூன்று பேரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். "அலர்ட்ல சொன்னபடி மேட்டுல ஏறி நின்னீங்க, பொழைச்சீங்க," என்றார் ஒருவர். "ஒங்க மேஸ்திரிக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி போச்சு?"

மலைச்சாமியின் உடம்பு மறுநாள் கீழே கண்மாய் மதகில் கிடைத்தது. சட்டைப் பையில் அவர் போன் இல்லை.

"அம்புட்டு தெளிவா வந்தும் எறங்கியிருக்கான் பாரு," என்று இழவு வீட்டில் யாரோ சொன்னது பெனின் காதில் விழுந்தது. மாரிக்கனி அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? போன வருசம் அந்த மூன்று பேரும் யார் போனை எடுத்துப் படித்தார்களோ, அது மட்டும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

*

பெனின் அந்தத் தோப்புப் பக்கமே பிறகு போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. சுற்றிலும் ஆட்கள், வெளிச்சம், மைதா வாசனை. ஆறு கண்ணுக்கு எட்டாத தூரம்.

அம்மாவுக்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. வேலை மாறிவிட்டேன், இங்கே வசதி என்று சொன்னான். ஒற்றையாகக் கிடக்கிறவளைப் பயமுறுத்துவானேன்? எச்சரிக்கை வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார், பக்கத்து வீட்டுப் போனையும் கேட்டுப் பார், அப்புறம் செய் என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பான். அதைச் சொல்லப் போனால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் மலைச்சாமியில் போய் நிற்கும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். கடையில் நல்ல கூட்டம். வெளியே தூறல். சட்டென்று கடைக்குள் இருந்த எல்லாப் போனும் ஒன்றாகச் சங்கு ஊதின. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுப் பையைத் தடவினார்கள்.

பெனின் தன் போனைப் படித்தான். மாவட்டத்தில் கனமழை, நீர்நிலைகள் அருகே செல்ல வேண்டாம். யார் அனுப்பியது என்று இருந்தது. எந்த இடம் என்று இருந்தது. அப்போதும் அடங்காமல் பக்கத்தில் நின்ற ஆளிடம், "அண்ணே, ஒங்க போனையும் காட்டுங்க," என்றான். அடுத்த ஆளுடையதையும் பார்த்தான்.

"என்ன தம்பி, பரீட்சைப் பேப்பரா திருத்துற?" என்று சிரித்தார்கள்.

எல்லாவற்றிலும் ஒரே செய்தி. பெனின் மூச்சு விட்டான். ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது.

ஒன்று மட்டும் அடங்கவில்லை.

சத்தம் கடைக்குப் பின்னால் இருந்து வந்தது. மாவு மூட்டைகளுக்கு மேலே ஆணியில் அவனுடைய சோத்துச் சட்டி வைத்த பை தொங்கியது. நேற்று கடைத்தெருவில் வாங்கிய புது மஞ்சப்பை.

அது கனமாகத் தொங்கியது. மின்விசிறிக் காற்றில் ஆடவில்லை.

அவன் தொடவில்லை. தொடாமலே உள்ளே எரிந்த வெளிச்சத்தில் எழுத்து தெரிந்தது.

பெனின், அம்மா கரையில நிக்கா.

இந்தத் தடவை அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஓடக் கூடாது. நம்பக் கூடாது. போன் போட வேண்டும். போட்டான். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"அம்மா! எங்க இருக்க? வீட்டுலதானே?"

காற்று இரைந்தது. காற்றுக்குப் பின்னால் வேறொன்றும் இரைந்தது.

"ஏலே, வீட்டுல எப்படிலே இருப்பேன்? எனக்கு அலர்ட்டுல்லா வந்துச்சு. ஒம் பேரு போட்டு வந்துச்சு. நீ வள்ளம் கெடக்குற கரையில நிக்கன்னு. நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான், ஒண்ணும் யோசிக்கல, கதவகூடப் பூட்டாம வந்துட்டேன்."

"அம்மா, அது பொய்! நான் இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடையில நிக்கேன். பக்கத்துல ஆளு இருக்கு, பேசச் சொல்லவா? திரும்பி வீட்டுக்குப் போம்மா!"

எலினா சிரித்தாள். எத்தனையோ நாளாக அவன் கேட்காத சிரிப்பு.

"போலே, வெளாடாத. அதான் கண்ணுக்கு நேரா நிக்கியே. கையக் காட்டுதியே."

"அம்மா—"

"ஏலே பெனினு... பக்கத்துல யாருலே அது?" அவள் குரல் மாறியது. மூச்சு வாங்கியது. மணலில் கால் வேகமாக அழுந்துகிற சத்தம் கேட்டது. "ஒங்கப்பா மாதிரியே இருக்குலே..."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இணைப்பும் அறுபடவில்லை. அலை மட்டும் வந்து வந்து போனது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டத்தில்.

மஞ்சப்பையின் அடியில் இருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. மாவு மூட்டையின் மேல் வழிந்து அவன் கால்விரலைத் தொட்டது. பெனின் குனிந்து அதை விரலில் எடுத்து நாக்கில் வைத்தான்.

உப்புக் கரித்தது.